ஆலம்பரைக் கோட்டையில் கேட்ட துக்கம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. மூத்தவன் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறான். இப்போது அவனோடுதான் இருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களுக்கு அவசரம் என்றால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

போன மாதம் மூன்று நாள் கடற்கரைப் பக்கம் போய் வந்தேன். மூத்தவன் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பெயரை மருமகள் கோமதி உட்கார்ந்து படித்தாள். மாமன், அத்தை, பங்காளி, மெஸ்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர் வரை எல்லாரும் இருந்தார்கள்.

"தேசம்மா பேரு எங்க?" என்று கேட்டேன்.

"எந்த தேசம்மா?" என்றான் மகன்.

"கருவாட்டுக்கார தேசம்மா."

அவனுக்கு நினைவு வந்துவிட்டது. கோமதிக்கும் வந்துவிட்டது. கோமதி பட்டியலை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

நாங்கள் செய்யூர் பக்கத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம். கடப்பாக்கத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து தேசம்மா வாரம் ஒரு முறை கூடையோடு வருவாள். நான் நெல் அளந்து போடுவேன், அவள் கருவாடு எடுத்து வைப்பாள். என்னை விட எட்டு வயது சின்னவள். வாய் மட்டும் பெரிது. நித்யா பிறந்தபோது கோமதிக்குப் பால் ஊறவில்லை. குழந்தை கத்திக் கத்தி நீலம் பாரித்துவிட்டது. தேசம்மா கேள்விப்பட்டு, மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் பால்சுறா கொண்டுவந்தாள். பால்சுறா என்பது சின்னச் சுறா. புட்டு செய்து கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, குழந்தை கன்னம் உப்பும் வரைக்கும் கொண்டுவந்தாள். அதற்கு மட்டும் நெல் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

சுனாமி வந்த பிறகு அவள் கூடையோடு எங்கள் ஊருக்கு வருவது நின்றுபோனது.

"இந்தக் கல்யாணத்துக்கு தேசம்மா வரணும். அவ வராம இந்தப் பொண்ணுக்குத் தாலி ஏறினா எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்று சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. இருந்தாலும் கோமதியும் கூட வர வேண்டியிருந்தது. நான் பூவும் பொட்டும் எடுத்தவள். தாம்பூலத் தட்டை நீட்டுவது சுமங்கலி கை. எங்களில் அப்படித்தான்.

புதன்கிழமை கிளம்பினோம். செங்கல்பட்டு வரை ரயிலில் வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை, காலேஜ் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஏறிய டவுன் பஸ்ஸில்தான் தகராறு. நான் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை.

"பொம்பளைங்களுக்குக் காசு இல்ல பாட்டி."

"சும்மா ஏறி வர நான் இன்னா சாமியாரா? புடிப்பா."

"இந்த பஸ்ல கீற முக்காவாசிப் பேரு சாமியாருங்கதான். நீயும் குந்து பாட்டி."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம். ஆனால் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

செய்யூரில் இறங்கி இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறி நன்றாக இருந்தது. பருப்பு கையில் பட்டது, சோம்பு பல்லில் பட்டது. என் மகன் மெஸ்ஸில் சாம்பாருக்குள் காயைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் கோமதிக்கு முகம் சுருங்கும், அதனால் இன்னொரு இட்லி கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடப்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்புக்குப் போனோம். எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே ஜன்னல், ஒரே வாசற்படி. எங்கள் ஊரில் இருட்டில் போனாலும் எந்த வீடு யாருடையது என்று தெரியும். இங்கே வெயிலிலேயே தெரியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"எந்த தேசம்மா? இங்க மூணு தேசம்மா கீது. குண்டா, ஒல்லியா, வாயாடியா?"

"வாயாடி."

"அப்ப அந்தக் கடைசி வூடு. வேப்பங்கன்னு கீது பாரு, அது."

தேசம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அரிவாள்மணையில் இருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "யக்கா" என்றாள். அவ்வளவுதான். உட்காரு என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கோமதி சுறுசுறுப்புக்காரி. பையிலிருந்து தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் பரப்பி, மேலே பத்திரிகையை வைத்து நீட்டிவிட்டாள். "தேசம்மாக்கா, நம்ம நித்யாவுக்குக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வரணும்."

தேசம்மா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். கை இரண்டும் முந்தானைக்குள்ளேயே இருந்துவிட்டன. தட்டுக்கு வரவில்லை.

"கொயந்த நல்லா இருக்கட்டும். நல்லா வாழட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா யக்கா, நீ என் வூட்டுத் துக்கம் இன்னும் கேக்கலியே. கேக்காத வூட்ல தாம்பூலம் எப்படி வாங்கறது?"

கோமதி நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள். தட்டு சரிந்து பாக்கு ஒன்று உருண்டு மீன் செதிலில் விழுந்தது.

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால், வேண்டியவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஆயிற்று என்று கேட்க வேண்டும். கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதைச் செய்யாதவர்கள் அந்த வீட்டுக்கு நல்ல சேதி எடுத்துப் போக முடியாது. எத்தனை வருஷமானாலும் அது நிலுவையில் நிற்கும். தேசம்மாவின் ஒரே மகள் செல்வியைத் தண்ணீர் கொண்டுபோனது. பத்தொன்பது வயது. அம்மாவோடு கூடை தூக்கி எங்கள் வீட்டுக்கு வருவாள், கூடையை இறக்கிய கையோடு நித்யாவை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். அந்தத் துக்கத்தை நான் கேட்கப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று இங்கே எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. முதல் வாரம் மறுபடி தண்ணீர் வரும் என்று ஊரே பயந்தது. அடுத்த வாரம் அறுவடை. பிறகு என் வீட்டுக்காரர் படுத்தார். இவை எல்லாம் காரணம்தான், பொய்யில்லை. அடியில் இன்னொன்று இருந்தது. அவள் என் வீட்டு வாசலுக்கு வருகிறவள், நான் அவள் வீட்டு வாசலுக்குப் போகிறவள் இல்லை என்று ஒரு நினைப்பு. அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே இருந்தது.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போனபோது தேசம்மா வந்தாள். என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்காவது "உன் பொண்ணு எப்படி" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் துக்கத்திலேயே இருந்தேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அன்றைக்கு அங்கே வேறு பேச்சு நடக்கவில்லை. தட்டோடு திரும்பி, எங்கள் ஊரில் கொழுந்தன் வீட்டில் போய் இறங்கினோம். கோமதிக்கு ஆற்றாமை. "இருபது வருசம் ஆச்சே அத்தை. இன்னுமா அதை வச்சிகினு இருப்பாங்க?"

"நீ உன் ஓரகத்தி சிரிச்சதை எத்தனை வருசமா வச்சிகினு கீறே?" என்றேன். கோமதி தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நாளைக்கே துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொன்னதும் மறுபடி பேச்சு வந்துவிட்டது. "பந்தக்கால் நட இன்னும் பன்னெண்டு நாள்தான் கீது அத்தை. கல்யாணம் வச்ச வூட்லருந்து துக்கத்துக்குப் போவாங்களா? பொண்ணுக்கு எதனா ஒண்ணுன்னா?" கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெற்றவள். உடனே மகனுக்குப் போன் போட்டாள். அவன், "கல்யாணம் முடிஞ்சப்புறம் போய்க் கேளேம்மா. இல்லன்னா பத்திரிகையை யார் கிட்டயாவது கொடுத்தனுப்பு" என்றான்.

"கல்யாணம் முடிஞ்சப்புறம் கேட்டா அவ கல்யாணத்துக்கு எப்படிடா வருவா? உனக்கு மூளையும் சாம்பார் மாதிரிதான் கீது" என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். கோமதி வர வேண்டாம். தட்டும் பத்திரிகையும் சாமி படத்தின் கீழ் இருக்கட்டும். நான் மட்டும் வெறுங்கையோடு போகிறேன். திரும்பி வந்து வெளியிலேயே தலை முழுகிவிட்டு உள்ளே வருகிறேன். வெள்ளிக்கிழமை துக்கம் கேட்கக் கூடாது, ஆகையால் வியாழனை விட்டால் இல்லை.

வியாழக்கிழமை காலையில் தனியாகப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மல்லாட்டை உரித்துக்கொண்டே, "எங்க ஆயா போறே?" என்றாள்.

"துக்கம் கேக்க."

"யாரு, வயசானவங்களா?"

"பத்தொம்பது வயசுப் பொண்ணு."

"அய்யய்யோ. எப்ப?"

நான் சொன்னதும் அவள் மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, கையில் இருந்ததில் பாதியை என் மடியில் கொட்டினாள். துக்கத்துக்குப் போகிறவள் தின்னலாமா கூடாதா என்று யோசித்தபடி முடிந்து வைத்துக்கொண்டேன்.

தேசம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் கையைப் பார்த்தாள். வெறுங்கை. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படி ஏறப் போனேன்.

"இங்க வாணாம் யக்கா" என்றாள். "இந்த வூடு அவ போனப்புறம் கட்டினது. ஒரு நாள்கூட இதுல அவ படுத்ததில்ல. இதுல குந்தி இன்னாத்தை அழறது? கோட்டைக்கு வா."

கோட்டை என்றால் செஞ்சிக் கோட்டை மாதிரி மலை மேல் நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஆலம்பரை தரையோடு தரையாக, உப்பங்கழி ஓரம் கிடக்கிறது. சின்னச் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புமாக மதில். பாதி நிற்கிறது, பாதி பெரிய பெரிய துண்டாகச் சரிந்து மணலில் புதைந்திருக்கிறது. கழிக்கு அந்தப்புறம் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். "பார்க்கு ஆக்கிட்டாங்க யக்கா. ஞாயித்துக்கெயமைன்னா கூட்டம் தாங்காது" என்றாள் தேசம்மா.

ஒரு போர்டு இருந்தது. "இன்னா எய்திக்கீது, படி" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நவாப் காலத்துக் கோட்டை, பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தார்கள், ஆங்கிலேயர் சண்டை போட்டுப் பிடித்துத் தகர்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரனும் இன்னொரு வெள்ளைக்காரனும் நம்முடைய மணலில் வந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே கப்பல் வந்து நின்றதாம், காசு அச்சடித்தார்களாம்.

"தண்ணி வந்தது எய்திக்கீதா?"

நான் படித்த வரையில் இல்லை என்றேன்.

"பின்ன இன்னா போர்டு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

உள்ளே ஒரு கல்யாண ஜோடி. கல்யாணத்துக்கு முன்னாலேயே படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த வகை. பெண் சிவப்பில் நீளமான கவுன் போட்டிருந்தாள். காற்று கவுனை ஒரு பக்கம் இழுக்க, போட்டோக்காரன் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "தேசம்மா, கல்யாணம் ஆகப்போற பொண்ணு காதுல அழுகை விழக் கூடாதுடி. அவங்க போகட்டும்."

"அவங்க போயி நாம அழணும்னா பொயுது சாஞ்சிடும். இவங்களுக்கு சூரியன் எறங்கற நேரம்தான் வோணுமாம். தெனம் பாக்கறேன் நானு" என்றாள். ஒரு மதில் மறைவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே செங்கல் தளம் ஒன்று சமமாக இருந்தது. அதைக் காலால் தட்டிக் காட்டினாள். "இங்கதான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டேன். மீன் வாசமும் வெற்றிலை வாசமும் அப்படியே இருந்தன. இருபது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"எப்படி ஆச்சு தேசம்மா?"

அவள் உடனே அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெயம. நான் கடப்பாக்கத்துக்கு உப்பு வாங்கப் போனேன். அவ இங்க கருவாடு காயப்போட வந்தா. இந்தத் தளம் நல்லா சூடு ஏறும், மண்ணு ஒட்டாது, நாங்கல்லாம் இங்கதான் காயப்போடுவோம். திரும்பி வந்துகினு கீறேன், சனம் எதிர்ல ஓடியாறாங்கோ. கடல் வருது, கடல் வருதுன்றாங்கோ. கடல் எப்படி வரும்னு நான் சிரிச்சேன் யக்கா. சிரிச்சேன். கிட்ட வந்து பாத்தா இங்க கோட்டையும் இல்ல, மணலும் இல்ல, ஒரே தண்ணி. அப்புறம் அது பாட்டுக்குத் திரும்பிப் போச்சு. அந்த மதில் மேல கருவாடு அப்படியே ஒட்டிகினு கீது. பொண்ணு இல்ல. மூணாம் நாள் கழில கெடச்சா."

தளத்தில் கிடந்த மணலைக் கையால் தள்ளினாள்.

"உனக்குன்னு காயப்போட்டது யக்கா அது. பொங்கலுக்கு உன் வூட்டுக்கு வரணும்னு, பெரிய பெரிய வாளை மீனா பாத்து எடுத்து வச்சா."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"ஆபீசருங்க வந்து பேரு கேட்டாங்கோ, வயசு கேட்டாங்கோ, ரேஷன் கார்டு கேட்டாங்கோ. படம் எடுத்தாங்கோ. பக்கத்துல குந்தி எப்படி ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க சனத்தைக் குத்தம் சொல்ல முடியாது. எல்லார் வூட்லயும் எழவு, யாரு யாரைக் கேக்கறது? வெளில இருந்து வரவங்கதான் கேக்கணும். நான் வேற யாரையும் எதிர்பாக்கல. நீ வருவேன்னு வாசலைப் பாத்துகினே இருந்தேன்."

"தப்புதாண்டி" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தையை என் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை. "வராதது தப்புதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். தலையோடு தலை முட்டிக்கொண்டு, பழைய மாதிரி ஆடி ஆடி, பெயர் சொல்லி அழுதோம். செல்வி, எங்கம்மா செல்வி என்று நான் அழைக்க, அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மதில் மறைவாவது ஒன்றாவது, கோட்டை முழுக்கக் கேட்டிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சிவப்புக் கவுன் பெண் நிற்கிறாள். கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் அந்தப் பையனும், கேமராவைக் கீழே இறக்கிய போட்டோக்காரனும்.

"என்ன ஆச்சு ஆன்ட்டி? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ இங்க நிக்கக் கூடாது, போ" என்றேன். அவள் போகவில்லை. போட்டோக்காரனுடைய பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள். அழுது முடித்தவர்கள் முகம் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் முகம் கழுவினோம். தேசம்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் கவுனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னாம்மா, கூடாரமா?"

அந்தப் பையன் சிரித்துவிட்டான். பெண் அவன் கையில் ஒரு அடி போட்டாள்.

துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நானும் எழுந்தேன், புடவையை உதறினேன், ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். வெளியே ஷேர் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். பின் சக்கரம் மணலில் சுற்றியது, சுற்றச் சுற்ற இறங்கியது. அவ்வளவுதான், நகரவில்லை.

"எறங்கித் தள்ளுங்கமா" என்றான். என்னோடு இருந்தது இரண்டு பேர். ஒருத்தி கர்ப்பிணி, இன்னொருவர் என்னை விடக் கிழவர். நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து வண்டியைப் பிடித்தது. யாருடையது என்று பார்க்க வேண்டியதில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் என்னைப் பார்க்கவில்லை, பேசவும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் தள்ளினோம். டிரைவர் மட்டும், "தள்ளு ஆயா, அப்படித்தான், இன்னும் கொஞ்சம்" என்று எங்களுக்கும் சேர்த்துப் பேசினான். வண்டி ஏறியது. நான் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன்.

கொழுந்தன் வீட்டு வாசலில் இறங்கியதும் மோட்டார் கொட்டகையில் தலை முழுகினேன். கோமதி துண்டோடு நின்றாள். "எப்படி ஆச்சாம் அத்தை?" என்று தூரத்தில் இருந்தபடியே கேட்டாள். சொன்னேன். கருவாடு யாருக்காகக் காய்ந்தது என்பதையும் சொன்னேன். அவள் அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் துண்டு கொடுக்க மறந்துபோனாள். நான் ஈரத்தோடு நின்றேன்.

வெள்ளிக்கிழமை. கோமதி விடியும் முன்பே எழுந்து குளித்து, தட்டைத் தேய்த்துப் புது வெற்றிலை அடுக்கினாள். வழியில் செய்யூரில் நான் சொல்லாமலே ஒரு புடவையும் வாங்கி வைத்தாள்.

தேசம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள். மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், எங்களுக்காகவே உட்கார வைத்திருக்கிறாள். அவருக்குக் காது மந்தம். கோமதி என்ன சொன்னாலும், "ஆமா, நல்ல காத்து" என்றார்.

கோமதி தட்டை நீட்டினாள். "நீங்க கொடுத்த பாலுதான் அக்கா அவ ஒடம்பு" என்று மட்டும்தான் சொன்னாள். தேசம்மா முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். வாங்கியதும் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"மாப்ள இன்னா பண்றான்? குடிக்கறானா? பல்லு வரிசையா கீதா?"

பிறகு எங்களை உட்கார வைத்துச் சோறு போட்டாள். சுறாப் புட்டு, நெத்திலிக் குழம்பு, சுடச்சுடச் சோறு. வெள்ளிக்கிழமை கோமதி கவிச்சி தொட மாட்டாள். அன்று என்னைப் பார்த்தாள், நான் பேசாமல் பிசைந்தேன், அவளும் பிசைந்தாள். இத்தனை வருஷம் அவள் கருவாட்டைத் தின்ற நான், அவள் வீட்டில் கை நனைப்பது அதுதான் முதல் தடவை. புட்டில் பூண்டு தூக்கலாக இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

"கல்யாணத்துக்கு இன்னா எடுத்தாரட்டும்? கருவாடு எடுத்தாந்தா மண்டபத்துல விடுவானா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஓடிப் போயிடுவாங்க."

"போனா போவட்டும், சாப்பாடு மிச்சம்."

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள். "யக்கா, நான் வரேன். கண்டிப்பா வரேன். ஆனா அங்க பட்டுப் பொடவ கட்டிகினு பத்துப் பேரு குந்திகினு இருப்பாங்கோ. இது யாருன்னு கேப்பாங்கோ. இன்னான்னு சொல்லுவே?"

கருவாட்டுக்காரி என்றால் அடிக்கலாம் என்னை. தூரத்து உறவு என்றால் பொய். இருபது வருஷம் போகாதவள் சிநேகிதி என்று எந்த முகத்தோடு சொல்வது? "நீ வா, சொல்றேன்" என்றேன். அவள் விடவில்லை, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

கிளம்பும்போது, "போயிட்டு வரோம் தேசம்மா" என்று இரண்டு முறை சொன்னேன். அவள் தெருக்கோடி வரை வந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், கழுத்து வலித்தது.

பொத்தேரிக்கு வந்து இதை எழுத ஒரு மாதம் ஆகியிருக்கிறது. பந்தக்காலும் நட்டாயிற்று. நித்யா, இதோ நோட்டு. நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம், வேலை இருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் உட்கார். மெஸ்ஸில் கடைசிப் பந்தி எழுந்ததும் உங்கப்பனையும் கூப்பிடு. சத்தமாகப் படி. செல்வி பெயர் வருகிற இடங்களில் மெதுவாகப் போ. அன்றைக்கு தேசம்மா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டு நீ சொல். மண்டபத்தில் அவள் பக்கத்தில் நின்று அதைச் சொல்லப் போவது நீதான்.